தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போன பாவாயி அக்கா

வாழப்பாடி டிராயிங் மாஸ்டர் ராஜமாணிக்கம் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் சேலத்துக்கு வருகிற ஆளில்லை. போன செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் டிசைன் அறை வாசலில் வந்து நின்றதுமே எனக்குத் திக்கென்றது. "அக்கா போயிட்டாங்கப்பா. திருச்செங்கோட்டுல, தங்கச்சி வீட்டுல" என்றார். சேலை முந்திக்கான கிராப் தாளில் கட்டங்களுக்குச் சிவப்பு வைத்துக்கொண்டிருந்தேன். பிரஷைக் கழுவி வைக்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பாவாயி அக்காவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரோடு படம் வரையப் போய் வெயிலில் வதங்கியவர்கள்தானே நாம் எல்லோரும். பொங்கல் கழிந்ததும் டிராயிங் மாஸ்டர், போர்டு எழுதுகிறவர், என்னைப் போலச் சேலைக்கு டிசைன் போடுகிறவர் என்று அகப்பட்டவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, டச்சுக்காரனும் டேனிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கட்டிவிட்டுப் போன கடலோர ஊர்களுக்குப் படம் வரையக் கிளம்பிவிடுவார். நம் ஊரில் கட்டடமே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "இங்கெ உக்காந்தா ஊட்டுல இருந்து ஆள் வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க சாமி. அங்கெ ஆருங்க வருவா?" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

விருத்தாசலம் பாசஞ்சர் அயோத்தியாப்பட்டணம் தாண்டுவதற்குள் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவார். போய்ச் சேர்ந்த இடத்தில் அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் கட்டடமானாலும் முதலில் அதை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும், பிறகுதான் வண்ணப்பெட்டியைத் திறக்கலாம். சுங்கக் கட்டடத்தையும் பழைய பங்களாவையும் நாம் வரிசையாக வலம் வந்ததைப் பார்த்து ஊர்க்காரர்கள் சிரித்தது நினைவிருக்கிறதா?

புதுச்சேரியில் ஒரு போலீஸ்காரர் வந்து, யார் நீங்கள், அரசாங்கக் கட்டடத்தை எதற்குப் படம் வரைகிறீர்கள் என்று அதட்டினார். அக்கா நிமிர்ந்து பார்த்து, "அந்தத் தூண் எத்தனை ஒசரம்னு தெரியலீங்க. நீங்க பக்கத்துல நின்னீங்கன்னா அளவு புடிச்சுக்குவோம்" என்றார். மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய் நின்றார். டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

நான் மனத்தில் வைத்திருப்பது தரங்கம்பாடி. அந்த முறை ஒரு முடிவோடு போனேன். டிசைன் வேலையை விட்டுவிட்டு ஓவியத்தையே பிழைப்பாக்கிக்கொள்ளலாமா என்று அக்காவிடம் கேட்டுவிடுவது. அவர் விடச் சொன்னால் விட்டுவிடுவதாகவே இருந்தேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

காலை வெளிச்சம் அருமையாக இருந்தது. தெருக்கோடியில் தூண்கள் வைத்த ஒரு பழைய டேனிஷ் வீடு. சுற்றி வரப் பொறுமையில்லாமல் உட்கார்ந்துவிட்டேன். வலப்பாதி நன்றாகத் தெரிந்தது, இடப்பாதியை ஒரு புன்னைமரம் மறைத்தது. எங்கள் தொழிலில் பூவோ மயிலோ பாதிதான் வரைவோம். டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டால் மறுபாதி வந்துவிடும். கை அந்தப் பழக்கத்திலேயே ஓடியது. மரத்தை நீக்கிவிட்டு, வலப்பக்கத்துச் சன்னல்களை அப்படியே இடப்பக்கமும் வைத்தேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த படம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வழக்கம்போலப் படங்களைப் பரப்பி வைத்தோம். அந்த வீட்டுப் பெரியவர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் சன்னலே கெடையாதே. மொட்டைச் செவுருல்ல அது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நம்மாளு ஊட்டுக்கும் ரெண்டு பக்கம் பார்டர் போட்டுட்டாருங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கோவமாங்க சாமி?"

"இந்த வேலையை விட்டுட்டு நான் ஓவியனாகலாமாக்கா? எனக்கு அது வருமா?" என்று கேட்டே விட்டேன்.

சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். "அது எனக்குத் தெரியலீங்களே. நாளைக்கு அந்த மொட்டைச் செவுத்த மட்டும் போடுங்க, பாக்கலாம்."

மறுநாள் போட்டேன். காரை பெயர்ந்த இடம், செங்கல், உப்புக்காற்று தின்ற ஒரு கொக்கி. மத்தியானம்வரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருப்பதை அப்படி அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. அக்கா படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே! "சாப்புட்டீங்களா?" என்றார், அவ்வளவுதான்.

இதோ சொல்வார், அதோ சொல்வார் என்று திரும்பும் ரயிலில் சேலம்வரை காத்திருந்தேன். அடுத்த ஆண்டு நாகப்பட்டினம், அதற்கடுத்து பரங்கிப்பேட்டை. ஒவ்வொரு முறையும் நல்லதாக ஒரு படம் போட்டு நீட்டினேன். பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார். வேலையை நானும் விடவில்லை.

போன மாதம் திருச்செங்கோட்டில் அவரைப் பார்த்தேன். மெலிந்து கட்டிலோடு ஒட்டிப்போயிருந்தார். இனிக் கேட்காவிட்டால் எப்போது என்று, "அன்னைக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலியேக்கா" என்றேன்.

சிரித்தார். "வரும்னு சொல்லியிருந்தா பெரிய ஓவியராயி எங்கியோ போயிருப்பீங்க. வராதுன்னா அன்னைக்கே பெட்டிய மூடியிருப்பீங்க. தெரியலைன்னு சொன்னதுனாலதானுங்க வருசா வருசம் கூட வந்தீங்க. எனக்கும் தொணைக்கு ஆளு வேணுமில்லீங்க சாமி."

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்விதான். பதில் சொல்லாமலே என்னை இத்தனை காலம் வரையவைத்தவர் போய்விட்டார். வழக்கம்போல இந்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். போட்டு முடித்த பிறகு யாரிடம் நீட்டுவது என்றுதான் தெரியவில்லை.