கலங்கல் கடலுக்கு எந்த டார்ச்?

கடலுக்கடியில் எரிகிற டார்ச்சை விற்பவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "உள்ள தண்ணி போகாதுல்ல?" என்றுதான். புடவைக் கடைக்காரரிடம் சாயம் போகுமா என்று கேட்கிற மாதிரி. கடை வைத்திருக்கிற நண்பர்களே, நம் பாடு உங்களுக்குத் தெரியாததா? காரைக்காலில் ஸ்கூபா சாமான்கள் விற்கிறேன். பயிற்சி முடித்தவர்களை அந்தி சாய்ந்ததும் படகில் கூட்டிப்போய்க் கடலில் இறங்கவும் வைக்கிறேன்.

பாரிஸிலிருந்து வந்த சூரியன்

தேவசகாயம் ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் 'சொல்தா', அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றால்தான் தெரியும். போன முறை பாரிஸிலிருந்து வந்தபோது, தேங்காய் பருமனில் ஒரு டார்ச் கொண்டுவந்தார். "ஐயா, நம்ம கடல்ல வண்டல் ஜாஸ்தி. இவ்வளவு அகலமா வெளிச்சம் அடிச்சா தூசிதான் தெரியும். குச்சி மாதிரி நேரா பாயுற வெளிச்சந்தான் சரிப்படும்" என்றேன். சிரித்தார்.

கடலுக்கடியில் போய் அதைப் போட்டார். மார்கழிப் பனியில் லாரி ஹெட்லைட் போட்டது போல எதிரே வெள்ளைச் சுவர். அவர் கையே அவருக்குத் தெரியவில்லை. தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருடையதை அணைத்துவிட்டு, என் சின்ன டார்ச்சைப் போட்டேன். மணலில் ஒரு திருக்கை, கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு படுத்திருந்தது. படகில் ஏறி முகம் துடைத்தவர் சொன்னார்:

"இத நம்ம மாதா கோயில் தேருக்குக் கட்டிடு தம்பி, அங்கயாவது இதுக்கு ஒரு மரியாத கெடைக்கட்டும்."

மூன்றாவது கேள்வி

ஆயிஷா கடல் உயிரியல் படிக்கிற பெண். இருட்டில் நண்டுகள் மேய்வதைப் பார்க்க வேண்டுமாம். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஓடிவிடும் என்று சிவப்பு டார்ச் எடுத்துக் கொடுத்தேன். கூட வந்திருந்த அவளுடைய உம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது அணைஞ்சா?"

"இடுப்புல இன்னொண்ணு மாட்டியிருக்கும்மா."

"அதுவும் அணைஞ்சா?"

"கூடவே நான் இருப்பேன், என்கிட்ட ரெண்டு."

"ஒங்களுதும் அணைஞ்சா?"

ஆயிஷா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "படகுலேர்ந்து கயிறு தொங்கும்மா. அதப் புடிச்சு மெதுவா மேல வரணும். படகுல ஒரு விளக்கு எரியும், அதப் பாத்து வந்துடலாம்" என்றேன். அந்தம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அப்ப அந்த வெளக்கப் புடிச்சுக்கிட்டு நான் படகுல உக்காந்திருக்கேன் தம்பி, இன்ஷா அல்லாஹ், அது அணையாது."

வட்டம் போட்டால் சுகம்

தண்ணீருக்குள் பேச முடியாது, டார்ச்தான் பேசும். வெளிச்சத்தால் வட்டம் போட்டால் 'நல்லா இருக்கேன்'. இப்படியும் அப்படியும் வீசினால் 'ஆபத்து'. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற செந்திலுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கூட்டிப்போனேன். தலையைத் தலையை ஆட்டினான்.

இறங்கிக் கொஞ்ச நேரம்தான். அவன் வெளிச்சம் பேய் பிடித்த மாதிரி வீசுகிறது. நீந்திப் போய்க் காற்று மீட்டரைப் பார்த்தேன், வேண்டிய அளவு இருந்தது. முகமூடி சரி, குழாய் சரி. அவனோ கையால் கீழே கீழே காட்டுகிறான். காலில் வலை சிக்கியதோ என்று தடவினேன், இல்லை. ஒன்றும் பிடிபடாமல் அவனை அணைத்துப் பிடித்து மெல்ல மேலே கொண்டுவந்தேன். "என்னடா ஆச்சு, மூச்சு முட்டுச்சா?" என்று கத்தினேன்.

"இல்லண்ணே, பெரிய கணவா மீன் ஒண்ணு கலர் மாத்தி மாத்திக் காட்டுச்சு, நீங்க பாக்காமப் போயிடுவீங்களேன்னுதான்."

எந்தக் கடலுக்கு எந்த டார்ச் என்று கடையிலேயே சொல்லிவிடுவேன், அதைப் பிடிக்கிற ஆள் எப்படி என்பதைத்தான் ஒவ்வொரு தடவையும் நனைந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.