இருபத்துமூன்றாவது பெயர்

பழுப்பு நிற ஃபைல் அட்டையின் மூலையில் பென்சிலால் 2 × 3 × 11 என்று எழுதிய அந்த மத்தியானம் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. அறுபத்தாறு ஏக்கர். இரட்டைப்படையில் முடிவதால் இரண்டால் வகுபடும். ஆறும் ஆறும் பன்னிரண்டு, ஆகவே மூன்றாலும் வகுபடும். இரண்டு இலக்கமும் ஒன்றாக இருப்பதால் பதினொன்றாலும் வகுபடும். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டுத் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். எந்த எண்ணைப் பார்த்தாலும் பகா எண்களாகப் பிரித்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. பஸ் நம்பரைக்கூட விட்டுவைத்ததில்லை.

நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒரு மிராசுதாரிடமிருந்து எடுத்த உபரி நிலம் அது. அதே வயல்களில் கூலிக்கு உழைத்த நிலமில்லாத குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இருபத்துமூன்று பெயர்கள் இருந்தன. இருபத்துமூன்று பகா எண், அறுபத்தாறை மீதியில்லாமல் வகுக்காது. இருபத்திரண்டு என்றால் ஆளுக்கு மூன்று ஏக்கர், மீதியே இல்லை.

"வெள்ளிக்கிழமை மந்திரி வர்றார் தம்பி. பட்டா எல்லாம் ரெடியா இருக்கணும். இந்த ஒரு பேரு இடிக்குதே, என்ன செய்யலாம்?" என்றார் தாசில்தார். பெயரை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அதைச் சொன்னது நான்.

கடைசிப் பெயர் ஒரு பெண்ணுடையது. தெருவில் அவரைக் கடைசி வீட்டு அக்கா என்றார்கள். விசாரணைக்குப் போன அன்று முழங்கால் வரை சேற்றோடு நடவிலிருந்து ஓடி வந்து நின்றார். கூலிப் போராட்டத்தில் கைதான அவர் கணவர், ஜெயிலிலிருந்து வந்த பிறகு ஊரில் தங்கப் பயந்து எங்கேயோ போய்விட்டிருந்தார். "வாய்க்கா ஓரத்துல எது கெடச்சாலும் போதும் சார். பதினஞ்சு வருசமா நான் நட்ட வயலு" என்றார். அவர் பேச்சையும் சேர்த்துத்தான் குறித்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் ஃபைல் அட்டையில் கணக்குப் போட்ட அந்த மத்தியானம், "குடும்பத் தலைவர் ஊரில் இல்லை" என்று ஒரு வரி எழுதி, அந்தப் பெயரின் மேல் கோடு போட்டேன். தாசில்தார் கையெழுத்துப் போட்டார். கணக்கு சுத்தமாக வந்துவிட்ட திருப்தி எனக்கு இருந்தது. அதை மறைக்க முடியாது.

விழாவில் இருபத்திரண்டு பெயர்களை வாசித்தார்கள். பந்தலில் நாற்காலிகளை மடக்கத் தொடங்கிய பிறகும் கடைசி வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். மெதுவாக என்னிடம் வந்து, "என் பேர வாசிக்க விட்டுட்டாங்களா சார்?" என்று கேட்டார். "அடுத்த லிஸ்ட்ல வரும்மா" என்றேன். மிராசுதாரிடமிருந்து மேற்கொண்டு எடுக்கவிருந்த நிலம், அவர் கோர்ட்டில் தடை வாங்கியதால் முடங்கியது. அடுத்த பட்டியல் என்று ஒன்று வரவேயில்லை. அக்கா நான்கைந்து முறை ஆபீசுக்கு நடந்து வந்தார். ஜன்னல் வழியாகத் தலை தெரிந்ததும் நான் ரெக்கார்டு அறைக்குள் போய்விடுவேன். பிறகு வருவது நின்றது. உப்பள வேலைக்கு வேதாரண்யம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அந்த ஊருக்குப் போனேன். பட்டா வாங்கியவர்களில் ஒருவர், வயதானவர், என்னை அடையாளம் கண்டுகொண்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்? ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுத்திருப்போம். அவ புருசன் எங்க எல்லாருக்காகவும்தானே ஜெயிலுக்குப் போனான்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன். அறுபத்தாறு ஏக்கர் என்பது ஆறாயிரத்து அறுநூறு சென்ட். இருபத்துமூன்று பேருக்கும் ஆளுக்கு இருநூற்று எண்பத்தேழு சென்ட் என்றால் ஆறாயிரத்து அறுநூற்று ஒன்று. ஒரே ஒரு சென்ட்தான் இடித்தது. மற்றவர்களுக்கு ஆளுக்குப் பதிமூன்று சென்ட் குறைந்திருக்கும், அவ்வளவுதான். வகுபடாது என்று தெரிந்ததும் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை என்ன செய்யலாம் என்று யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரம் வேதாரண்யம் போய், இரண்டு நாள் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். மகள் வீட்டு வாசலில் சாக்கை விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். கண் மங்கியிருந்தது, என்னைத் தெரியவில்லை. நான் யார் என்று சொன்னேன். பெயரை எடுத்தது மந்திரியும் இல்லை, தாசில்தாரும் இல்லை, நான்தான் என்றும் சொன்னேன். வெகுநேரம் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏன் சார், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன்.

அவர் காக்கையை விரட்டக் கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.