கோணல் கால்கள்

அந்த வீட்டில் படம் போடுகிறவள் என்றால் அது பெரியவள்தான். மூன்று வயதில் பால்காரரின் கணக்கு நோட்டில் பூனை வரைந்தவள். ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம் அப்பா லிஃப்ட் பொருத்தும் வேலையில் இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்தார். இவள் ஃப்ளெக்ஸ் அச்சிடும் கடையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தாள். ஐந்து வருடமாக மாப்பிள்ளைகளின் கறுப்பைக் குறைப்பதும், தலைவர்களின் தொப்பையைக் கரைப்பதும்தான் பிழைப்பு. வீட்டுச் சுவர் முழுக்க அவள் பழைய ஓவியங்கள். வருகிறவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது, அல்லது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நூலகத்தில் இளைஞர்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். 'என் ஊர், என் ஆசை' என்று தலைப்பு. பெரியவள் இரண்டு வாரம் விழித்து வரைந்தாள்: உள்ளங்கையில் பூமி, பூமியில் ஒரு தளிர், தளிர் நுனியில் பனித்துளி. அந்தத் துளிக்குள்ளும் ஒரு வானம். தங்கை சின்னவளும் எதையோ கொண்டுபோய் ஒட்டினாள். அவளுக்கு நேர்கோடு போடவே வராது என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் பெரியவள் என்னவென்று கேட்கவே இல்லை.

கண்காட்சி அன்று நூலகர் பனித்துளியைப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். மூலையில்தான் கூட்டம். பெரியவள் தோள்களுக்கு இடையில் தலையை நுழைத்துப் பார்த்தாள்.

எட்டுத் தாள்கள். பால்பாயின்ட் பேனா. குச்சிக் கை, குச்சிக் கால். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மாலை ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். பஸ் நிற்காமல் போகிறது. அவர்கள் பெரிய சாலை வரை இருட்டில் நடக்கிறார்கள். ஒருத்தி செருப்பறுந்து கையில் எடுத்துக்கொள்கிறாள். கடைசித் தாளில் பஸ் நிற்கிறது. எல்லாரும் ஏறி உட்கார்ந்து, வாய் திறந்து தூங்குகிறார்கள். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஒரு நர்ஸ் சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மூன்றாவதாக நடப்பவள் அந்தச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் இவர்களுடைய அம்மா. பையை இடது தோளில் மாட்டி, வலது காலைச் சற்று இழுத்து. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஒரே வீடு, ஒரே அம்மா. தினமும் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது பெரியவள்தான். அது எப்படித் தன் கண்ணில் படாமல் சின்னவள் கண்ணில் பட்டது?

நூலகர் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதைப் பெருசாக்கி வெளிச்சுவத்துல மாட்டுவோம். எதிர்லதான பஸ் டெப்போ, அவங்க தினம் பாக்கட்டும். உங்கக்கா கடையிலயே போட்டுடலாமே?"

"போட்டுடலாம் சார்" என்றாள் பெரியவள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

சின்னவள் செல்போனில் பிடித்த படங்களை அனுப்பினாள். மூலத் தாள்களையும் கொடுத்தாள். கடையில் நல்ல ஸ்கேனர் இருந்தது, பெரியவளின் முழங்கைக்கு அருகிலேயே. செல்போன் படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. செல்போன் படத்தையே அச்சுக்கு அனுப்பினாள்.

அச்சான ஃப்ளெக்ஸ் துணியை விரித்துப் பார்த்தபோது கோடுகள் ஈரத்தில் ஊறியதுபோல் மங்கிக் கிடந்தன. சின்னவள் முகம் சுண்டிவிட்டது.

"இப்படித்தான் வருமாக்கா?"

"பால்பாயின்ட் கோடுதான? பெருசு பண்ணா இப்படித்தான் வரும்."

"அப்ப சரி. உனக்குத் தெரியாததா" என்றாள் சின்னவள். அதை அப்படியே நம்பிவிட்டாள்.

நூலகச் சுவரில் அதை மாட்டிய பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வேலை உடுப்போடு பார்க்க வந்தாள். கண்ணைச் சுருக்கினாள். பின்னால் போய் நின்றாள், முன்னால் வந்து நின்றாள். "இதுல நான் எங்கடி இருக்கேன்?"

"மூணாவது ஆளும்மா. பை மாட்டிக்கிட்டு."

அம்மா துணியோடு மூக்கு உரசுமளவுக்குக் குனிந்து தேடினாள். "தெரியலையேம்மா. கண்ணாடி மாத்தணும்போல" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பெரியவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சின்னவளை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனாள்.

"அது பேனாவோட தப்பு இல்ல. நான் வேணும்னேதான் அப்படிப் போட்டேன்."

"எதுக்கு?"

"பொறாமை."

சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "எம்மேலயா?"

"உம்மேலதான்."

சின்னவள் படியிறங்கிப் போனாள். ஒன்பது நாள் அக்கா என்று கூப்பிடவில்லை. சோற்றுத் தட்டைக்கூட நேராக நீட்டாமல் அம்மா கையில்தான் கொடுத்தனுப்பினாள்.

முதலாளியிடம் கேட்டுப் பெரியவள் மறுபடி அச்சிட்டாள். எட்டுத் தாள்களையும் ஸ்கேன் செய்தபோது கை துறுதுறுத்தது. அந்த வலது காலை நேராக்க இரண்டு சொடுக்கு போதும். மவுஸை அதன்மேல் கொண்டுபோய் நெடுநேரம் வைத்திருந்தாள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த முதலாளியும் கேட்டார்: "காலெல்லாம் கோணலா இருக்கே, சரி பண்ணலையா?"

"எங்கம்மா அப்படித்தான் சார் நடப்பாங்க."

புதிய துணி ஏறியபின் சாலையின் அந்தப்பக்கத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. டிரைவர்கள் நின்று பார்த்தார்கள், சிலர் கேலி செய்தார்கள். சலவைக்கூடப் பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். இரண்டு மாதம் இழுத்தடித்து, ஏழே முக்கால் பஸ் மட்டும் மருத்துவமனை வாசலில் நிற்கத் தொடங்கியது. அடுத்த பஸ் இன்னமும் நிற்பதில்லை.

செய்தித்தாளில் சின்னவளின் படத்தோடு செய்தி வந்தது. பெரியவள் அதை மூன்று தடவை படித்தாள். எரிச்சல் போகவில்லை. சொல்லிவிட்டால் போய்விடும் என்று நினைத்தது தப்பு என்று தெரிந்தது. ஆனால் மறுநாள் வேலை முடிந்து நோட்டும் பென்சிலுமாக அந்த ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறினாள். தூங்குகிறவர்களை வரைந்தாள். ஒரு வாரம் அப்படியே போய்வந்தாள்.

நோட்டைச் சின்னவள் கேட்காமலே எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள்.

"அம்மா கை இவ்ளோ அழகா இருக்காதுக்கா."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. உனக்கென்னடி தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மா சுவரோரம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சலவை மருந்தில் விரல்கள் வெளிறி, கணுக்கணுவாக வெடித்திருந்தன. பெரியவள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தாளைத் திருப்பி, சுண்டுவிரலிலிருந்து தொடங்கினாள்.