திரும்பி விழுந்த பத்துக் காசு

கடைத் தொலைபேசியின் அடிக்குழியில் பத்துக் காசு திரும்பி வந்து 'டிங்' என்று விழுமே, ஒன்பது வயதில் எனக்கு அதைவிடப் பிடித்த சத்தம் வேறு இருந்ததில்லை. எதிர்முனையில் யாரும் எடுக்காவிட்டால்தான் காசு திரும்பும்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போனவர். அம்மாவும் இறந்த பத்தாம் நாள், ஃபேரர் பார்க் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெரியம்மா என்னைப் பொங்கோலுக்குக் கூட்டிப்போனார். அன்று அது தகரக் கூரையும் தென்னையும் கோழிப்பண்ணை நாற்றமுமாகக் கிடந்த கிராமம், 'கம்போங்'. பெரியப்பாவுக்குப் பண்ணையில் வேலை. பெரியம்மாவுக்கு எந்தத் துக்கத்துக்கும் சோறுதான் மருந்து. "ரெண்டு வாய் சாப்பிடு லா, அப்புறமா அழு," என்பார். நான் சாப்பிடவும் இல்லை, அழவும் இல்லை. "அவ ஆத்தா மாதிரியே அழுத்தக்காரி," என்று கோழிகளிடம் சொல்லிக்கொண்டு போவார்.

சனிக்கிழமைதோறும் பெரியப்பா மிட்டாய்க்குக் கொடுக்கும் பத்துக் காசோடு சீனர் கடைக்குப் போய், எங்கள் வீட்டு எண்ணைச் சுழற்றுவேன். பூட்டிய கூடத்தில், தொலைபேசிக்குப் பக்கத்தில் அம்மா கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். மணி அடிக்கிறவரை வீடு இருக்கிறது. வீடு இருக்கிறவரை என்னைத் திரும்பக் கூட்டிப்போவார்கள். "தாடா ஓராங் லா," ஆளில்லை என்று கடைக்காரர் மலாயில் கேலி செய்வார். காசைக் கொண்டுவந்து பெரியப்பாவிடமே கொடுப்பேன். மிட்டாய் ஏன் வாங்கவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஏழாவதோ எட்டாவதோ சனிக்கிழமை, மூன்றாம் மணியில் யாரோ எடுத்தார்கள். "சியாப்பா?" யார் என்று ஒரு பெண் குரல் மலாயில் கேட்டது. பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. போனை வைத்துவிட்டு அடிக்குழியில் விரல் விட்டுத் துழாவினேன். காசு இல்லை.

"காசு எங்கம்மா?"

"உள்ள விழுந்துடுச்சு, பெரியப்பா."

கையிலிருந்த தீனி வாளியை அவர் கீழே வைத்தார். "போன யாரு எடுத்தா?"

அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"வேற யாரோ."

"வீட்டுச் சாவியத் திருப்பிக் குடுத்தாச்சும்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அம்மா கண்ணாடி?"

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அன்று என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

இப்போது பொங்கோலில் ரயிலை விட்டு இறங்கினால் வானம் வரைக்கும் வீடுகள். பண்ணையும் இல்லை, கடையும் இல்லை, பெரியப்பாவும் பெரியம்மாவும் இல்லை. எங்கள் வீட்டு எண்ணின் ஏழு இலக்கங்கள் மட்டும் எனக்கு மறக்கவில்லை. பின்னாளில் வீட்டு எண்களுக்கெல்லாம் முன்னால் ஓர் ஆறு சேர்த்துவிட்டார்கள். கைப்பேசியில் பழைய ஏழு இலக்கங்களை மட்டும் அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொள்வேன். மணி அடிப்பதில்லை. ஆறைச் சேர்த்தால் யார் வீட்டிலோ அடிக்கும். சேர்ப்பதில்லை.