பாதி எழுத்தில் நின்ற மெஷின்

போன வாரம் முழுக்க விழுப்புரத்தில், அக்கா வீட்டில் இருந்தேன். விருந்துக்கு அல்ல... ஒரு மெஷினை ஓட வைக்க.

ஸ்டிக்கர் வெட்டும் மெஷின். வண்டி நம்பர், கடைப் பெயர், படகுப் பெயர் என்று எதை லேப்டாப்பில் டைப் செய்தாலும் வெட்டிக் கொடுக்கும். வீட்டு முன்னறையில் ஸ்டிக்கர் கடை போட வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. "நீ வாங்கு, ஓட வைப்பது என் பொறுப்பு" என்று திண்டிவனத்திலிருந்து போனில் வாக்குக் கொடுத்தது நான். அவளுடைய பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் நான்தான்!

மெஷின் வந்தது. முதல் எழுத்தில் பாதியை வெட்டியது. நின்றுவிட்டது. எத்தனை முறை முயன்றாலும் அதே பாதி எழுத்து.

சனிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பினால்தான் விற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் ஓடாவிட்டால் அனுப்பிவிடுவேன் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், சொல்லிவிட்டார். இன்னொரு மெஷினுக்கு அவர் சம்மதிக்கப் போவதில்லை. கடையும் அதோடு சரி.

இணையத்தில் தேடியதில் காரணம் தெரிந்தது. மெஷினுக்குள் இருக்கும் மலிவான சிப் பேசுவது லேப்டாப்பின் கெர்னலுக்குப் புரியவில்லை. கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்கரு. மவுஸ், பிரிண்டர் என எந்தக் கருவியோடும் பேசுவது அதுதான். இந்தக் கோளாறுக்கு யாரோ ஒரு புண்ணியவான் எட்டே வரிகளில் பேட்ச், அதாவது ஒரு திருத்தம், எழுதி வைத்திருந்தார். அதைச் சேர்த்து, கெர்னலைப் புதிதாகக் கட்ட வேண்டும். நான் கம்ப்யூட்டர் படித்தவள், வேலையும் அதில்தான். ஆனால் கெர்னலில் கைவைப்பது இதுதான் முதல் தடவை.

நோட்டில் பதினோரு படிகள் எழுதிக்கொண்டேன். லிஸ்ட் இல்லாமல் நான் மளிகைக் கடைக்குக்கூடப் போவதில்லை.

மூன்றாவது படியிலேயே பேட்ச் ஒட்டவில்லை. வேறு வெர்ஷனுக்கு எழுதியதாம். எட்டு வரிகளையும் உரிய இடம் தேடிக் கையால் சேர்த்தேன். அடுத்தது கான்ஃபிகரேஷன். எந்தக் கருவியோடு பேசும் டிரைவர் வேண்டும், எது வேண்டாம் என்று ஆயிரக்கணக்கில் கேள்விகள்! எல்லாவற்றுக்கும் 'வேண்டும்' என்றால் அந்தக் கிழட்டு லேப்டாப்புக்கு ஒரு நாள் போதாது. ஒரு குறுக்குவழி இருந்தது. இப்போது எது இயங்குகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை நீக்கிவிடு. ஒரே கமாண்ட்!

கெர்னல் கட்டும் வேலை வியாழன் காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை ஓடியது. ரீஸ்டார்ட் செய்தேன். ஸ்க்ரீன் வந்தது. சவுண்ட் வந்தது. மெஷினை மட்டும் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை.

மாமா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, முன்னயாவது பாதி எழுத்து வெட்டிக்கினு இருந்துச்சு. இப்ப அதுவும் பூடுச்சா?"

"நீங்க சும்மா இருங்க. அவதான் பார்த்துக்கினு இருக்கா இல்ல?" என்றாள் அக்கா.

"நான் இன்னா சொல்லிட்டேன்? மெஷின் வந்த பெட்டி எங்கன்னு கேக்க வந்தேன். அவ்ளோதான்."

இருந்த பாதி எழுத்தும் எப்படிப் போனது? வெள்ளிக்கிழமை விடிந்ததும் நோட்டை எடுத்து ஒவ்வொரு படியாகப் படித்தேன். ஐந்தாவது படி, அந்தக் குறுக்குவழி. அருகில் நேரமும் குறித்திருந்தேன். காலை எட்டு மணி.

"அக்கா, நேத்து எட்டு மணிக்கு மெஷின் ஆன்ல இருந்துச்சா?"

"எப்படிடி இருக்கும்? சட்னி அரைக்க மிக்ஸிய மெஷின் பிளக்லதானே போட்டேன். கிச்சன் பிளக்தான் ஒரு மாசமா பேஜாரு பண்ணிக்கினு இருக்கே!"

அவ்வளவுதான் விஷயம். எதெல்லாம் இயங்குகிறது என்று கமாண்ட் கணக்கெடுத்த நேரத்தில் மெஷின் அணைந்து கிடந்திருக்கிறது. இல்லாத மெஷினுக்கு டிரைவர் எதற்கு? நீக்கிவிட்டது. அந்த டிரைவருக்குள் நான் பாடுபட்டுச் சேர்த்த எட்டு வரிகளையும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கணக்கெடுக்கிற நேரத்தில் கண்ணில் படாதவர்களின் கதி எங்கேயும் இதுதானே? கொஞ்ச நாள் முன்பு ஏதோ கணக்கெடுப்பு என்று வந்தவர், அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டிருக்கிறார். அவள் அடுப்படியில் இருந்தாள். "வீட்ல சும்மாதாங்க இருக்குது" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார் மாமா. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தக் கமாண்டுக்கும்தான் இல்லை.

மிக்ஸியைத் தூக்கி அலமாரியில் வைத்தேன். லேப்டாப்பைப் பழைய கெர்னலுக்கே திருப்பி, மெஷினை ஆன் செய்துவிட்டு ஐந்தாவது படியிலிருந்து மறுபடி தொடங்கினேன். அன்று இட்லிக்குப் பொடிதான். மதியம் ஒரு எர்ரர்... கையால் சேர்த்த வரிகளில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருந்தது. முதல் தடவை அந்த டிரைவரே நீக்கப்பட்டதால் என் பிழையும் வெளியே தெரியவில்லை! திருத்தினேன். மறுபடி ஓட விட்டேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா ஒரு கடைப் பெயரை டைப் செய்தாள். பிளேடு இறங்கியது. பாதி எழுத்து... முழு எழுத்து... முழுப் பெயர். நிற்காமல் வெட்டி முடித்தது. அக்கா வெட்டிய ஸ்டிக்கரை மெதுவாக உரித்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டிப் பார்த்தாள்.

காலிப் பெட்டியோடு நின்ற மாமா அதைக் கீழே வைத்தார். "என் வண்டிக்கு ஒண்ணு வெட்டிக் குடேன்" என்றார்.

அக்கா திரும்பவே இல்லை.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு சொல்லி வெச்சிருக்காங்க. ஆர்டர் நோட்ல எழுதிட்டுப் போங்க."