டைமரில் ஒட்டிய பொட்டு

போன புதன்கிழமை, பட்டப்பகலில், என் சொந்த வீட்டுக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு, மீன் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதற்கு? ஒருத்தரைக் கையும் களவுமாகப் பிடிக்க!

புதன்கிழமை உனக்கு என்ன லீவு என்று கேட்பீர்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கெல்லாம் இப்போது வாரத்தில் ஒரு நாள் பவர் ஹாலிடே, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கட்டாய விடுமுறை. எங்கள் கம்பெனிக்குப் புதன் விழுந்திருக்கிறது; என் கணவர் கம்பெனிக்கு வேறு நாள். அதுதான் முதல் புதன்.

என் சந்தேக புத்தி இன்று நேற்று வந்ததில்லை. நான் வேலை பார்ப்பது டெஸ்பாட்ச் செக்‌ஷனில். லாரியில் இரும்புக் கம்பி ஏற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டியதும், முடிச்சில் சீல் வைப்பது என் பொறுப்பு. போய்ச் சேரும் இடத்தில் சீல் உடைந்திருந்தால் நடுவழியில் எவனோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். வருடக்கணக்காக இதையே செய்கிறவளுக்கு வீட்டில் மட்டும் புத்தி வேறு மாதிரி வேலை செய்யுமா? சர்க்கரை டப்பா மூடி கொஞ்சம் கோணலாக இருந்தாலே என் கண் அங்கே போய் நிற்கும்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். அது எங்களுடையது இல்லை... வினையே அங்கேதான். என் கணவரோடு வேலை பார்த்த காதர் பாய், பழவேற்காட்டுக்காரர். சவுதிக்குக் கிளம்பும்போது மினி லாரியில் ஏற்றி மணவாள நகரில் எங்கள் வீடு வரை தானே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். உப்புத்தண்ணீர்த் தொட்டி. உள்ளே பாறை, பாறையில் பட்டன் பட்டனாக மெத்தென்ற உயிர்கள், நடுவில் விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு கடல் சாமந்தி. அதற்குள் புகுந்து புகுந்து விளையாடும் இரண்டு கோமாளி மீன்கள். கல் பவளம் கிடையாது. அதை வைத்திருப்பது சட்டப்படி தப்பு என்று பாய் கிட்டவே சேர்க்கமாட்டார்.

“இது அமானிதம் தங்கச்சி. நான் வந்து வாங்கிக்கிற வரிக்கும் உங்க ஊட்ல இருக்கட்டும்” என்றார்.

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்தவர் பொருளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வது?

வந்த கொஞ்ச நாளிலேயே தொட்டியின் பழைய லைட் உயிரை விட்டது. வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போனோம். முதல் கடைக்காரர் ஒரு மெட்டல் ஹாலைடு விளக்கைப் போட்டுக் காட்டினார். ஆத்தாடி! கல்யாண மண்டப வாசலுக்குப் போடுகிற வெளிச்சம். கையைக் கிட்டே கொண்டுபோனால் சுட்டது. “தண்ணி சூடாகாதா?” என்றேன். “ஆகும் மேடம். அதுக்குக் குளிர வெக்கிற மெஷின் நம்மகிட்டயே இருக்கு” என்றார் சந்தோஷமாக. சூடாக்குவதையும் அவரே விற்பார், ஆற்றுவதையும் அவரே விற்பார். நான் படி இறங்கிவிட்டேன்.

இரண்டாவது கடையில் மெல்லிய டியூப் லைட் இரண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். நீலம் எதற்கு? “கடல்ல ஆழத்துக்குப் போகப் போக மத்த கலரெல்லாம் அடங்கிடும், நீலம்தான் மிஞ்சும். அதுல வளர்ற ஜீவன் மேடம்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருப்பதுதான் எனக்கு எப்போதும் இடிக்கும். ஆனாலும் வாங்கினோம். வேறு வழி?

கூடவே நேர ஒழுங்கு ஒன்றும் சொன்னார். காலையில் நீலம் முதலில் எரிய வேண்டும், விடிகிற மாதிரி. அப்புறம் வெள்ளை, அது உச்சிப்பொழுது. பொழுது சாயும்போது வெள்ளை அணைந்து நீலம் மட்டும். பிறகு இருட்டு. “நேரம் தப்பினா சாமந்தி சுருங்கிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க.” மனிதப் பிறவி எனக்குக்கூட இத்தனை ஒழுங்காக யாரும் நேரம் குறித்துக் கொடுத்ததில்லை.

நாங்கள் இரண்டு பேரும் காலை ஏழுக்கு அவரவர் கம்பெனி பஸ் பிடித்தால் பெரியபாளையம் வழியாகப் போய்த் திரும்ப மாலை ஏழு ஆகிறது. யார் லைட் போடுவது? அதற்குத்தான் டைமர். டியூபுக்கு ஒன்றாக இரண்டு. சுவர் பிளக்கில் செருகினால் வட்டத் தகடு ஒன்று மெதுவாகச் சுற்றும், குறித்த நேரத்தில் லைட் எரியும், அணையும்.

மாட்டிய ஞாயிற்றுக்கிழமை ஒரு குறையும் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைகிறேன்... நீலம் மட்டும் எரிய வேண்டிய நேரத்தில் வெள்ளை பளீரென்று எரிகிறது. டைமரைப் பார்த்தால் ஐந்து மணி காட்டுகிறது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு. திருத்தி வைத்தேன். மறுநாளும் அதே கதை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டில் இருந்தோம். அன்று இரண்டு டைமரும் ஒழுங்காக ஓடின. கவனியுங்கள், நாங்கள் இருக்கும்போது ஒழுங்கு, இல்லாதபோது தப்பு. இதற்கு என்ன அர்த்தம்?

எங்கள் வீட்டு இன்னொரு சாவி எதிர்வீட்டு மேரி அக்காவிடம் இருந்தது. அவர் கணவரும் கும்மிடிப்பூண்டியில் உருக்காலையில்தான் வேலை. பகலில் குழாயில் தண்ணீர் வரும்போது அக்கா வந்து எங்கள் டிரம்மையும் நிரப்பிவிட்டுப் போவார். வருடக்கணக்கில் பழக்கம். ஆனால் தொட்டி வந்த அன்றே நான் கறாராகச் சொல்லியிருந்தேன், “அக்கா, இந்தத் தொட்டிய மட்டும் யாரும் தொடக்கூடாது. கையில சோப்பு கீப்பு இருந்தா மீன் செத்துரும்” என்று. அக்கா தலையாட்டினார். அந்த ஆட்டல் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

நான் சீல் வைக்கிறவள் இல்லையா? ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தேன். காலை ஏழு மணிக்கு டைமரின் அம்புக்குறிக்கு நேராகத் தகட்டில் ஒட்டினேன். மாலை ஏழுக்கு அது அரைச் சுற்றுச் சுற்றி நேர் எதிரே இருக்க வேண்டும். வந்து பார்த்தேன். இல்லை! பின்தங்கி நின்றது.

“யாரோ பின்னாடி திருப்பியிருக்காங்க” என்றேன்.

என் கணவர் டைமரைத் திருகிப் பார்த்துவிட்டு, “இது முன்னாடிதான் திரும்பும். பின்னாடி திரும்பாதே” என்றார்.

“அப்ப முன்னாடியே சுத்தி சுத்திக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பாங்க.”

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

பொட்டு மட்டுமா சாட்சி? தொட்டியின் கீழே தரையில் உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு. சமையலறைச் சொம்பு இடம் மாறியிருந்தது, நாக்கில் வைத்தால் கரித்தது. முக்காலி தொட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்திருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? தொட்டியைத் தொட்டிருக்கிறார். ஆனால் ஏன்? நீல வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று தெருவில் யாரிடமோ அவர் சொன்னதாகக் கேள்வி. வேண்டுமென்றே லைட் நேரத்தைக் கெடுக்கிறாரோ?

நேரில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. “ஊர்லேருந்து அம்மா வர்றாங்க அக்கா. அவங்களுக்கு ஒரு சாவி வேணும்” என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சாவியை வாங்கிவிட்டேன்.

அக்கா ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். “அப்ப தண்ணி புடிக்கிறது?”

“அம்மா பாத்துக்குவாங்க.”

அன்று மாலை நிம்மதியாக வந்து பொட்டைப் பார்த்தால்... மறுபடியும் பின்தங்கி நிற்கிறது! என் புத்தி எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ‘கள்ளச் சாவி போட்டுவிட்டாள்.’ சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அக்காவை ‘அவள்’ என்று மனசுக்குள் சொன்னது அன்றைக்குத்தான்.

அதற்கடுத்த நாட்களில் சாமந்தி சுருங்கிக் கைப்பிடி அளவு ஆனது. செவ்வாய் மாலை வந்து பார்த்தபோது கோமாளி மீனில் ஒன்று செத்து மிதந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சவுதியிலிருந்து பாய் போன் பண்ணினால் முதல் கேள்வியே “ரெண்டும் சாப்புடுதா?” என்பதுதான். மீனைக் கொண்டுபோய் வாசல் குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்தேன். எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. பார், வேடிக்கை பார்க்கிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

இப்படித்தான் புதன்கிழமைக் காவல் ஆரம்பித்தது. நாற்காலி, நான், இரண்டு டைமர், ஒரு பொட்டு. காலைப் பொழுது போனது. கதவை யாரும் தொடவில்லை. வெள்ளை டியூப் எரிய ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்...

கரண்ட் போனது.

பவர்கட் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஞாயிறு தவிர தினமும் பகலில் இரண்டு மணி நேரம் எங்கள் பக்கம் கட் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. லைட் அணையும், வந்ததும் எரியும், அதோடு சரி என்று நினைத்திருந்தேன்.

ஃபேன் நின்றது. தொட்டி மோட்டார் நின்றது. இத்தனை நாள் காதில் விழாமலே ஓடிக்கொண்டிருந்த டைமரின் உறுமலும் நின்றது. எழுந்து போய்ப் பார்த்தேன். தகடு சுற்றவில்லை. பொட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. சுவர்க் கடிகாரம் பேட்டரியில் ஓடுகிறது, டைமர் கரண்டில் ஓடுகிறது. கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் டைமரும் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கிளம்பும். தினமும் இரண்டு மணி நேரம் காணாமல் போனது இப்படித்தான்.

அப்படியானால் சொம்பு? உப்புத் திட்டு? முக்காலி?

நேரம் போகப் போக, மிச்சமிருந்த ஒற்றை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. என்ன செய்வது என்று தெரியாமல் தொட்டியைச் சுற்றி வந்தேன்.

ஜன்னல் கம்பியில் தட்டும் சத்தம்.

“கலா... உள்ளதான கீற? கரண்ட் பூட்ச்சு பாரு. சொம்புல மொண்டு மேலேர்ந்து ஊத்து. ஊத்திக்கினே இரு. இல்லாங்காட்டி அதுவும் செத்துரும்.”

மேரி அக்கா. சாவி இல்லாததால் ஜன்னலில் நின்றார்.

கதவைத் திறந்தேன். அக்கா என்னைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போய், கையை வெறும் தண்ணீரில் மூன்று தடவை அலசி, அதே சொம்பை எடுத்துக்கொண்டு வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மொண்டு, கை உயரத்துக்குத் தூக்கி, நுரைக்க நுரைக்க ஊற்றினார். மறுபடி மொண்டார். தண்ணீர் தெறித்துத் தரையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மீன் கீழே இறங்கிச் சாமந்திக்குள் புகுந்தது.

“தெனமுமா அக்கா?”

“பின்ன? மொத நாள் தண்ணி புடிக்க வந்தேன். பாத்தா ரெண்டும் வாயப் பொளந்துக்கினு நிக்குது. பேஜாரா பூட்ச்சு. ஊத்துனா காத்து புடிக்கும்ல? கரண்ட் வர்ற வரிக்கும் ஊத்துவேன்.”

“சொல்லியிருக்கலாமே...”

“இன்னான்னு சொல்றது? தொட்டியத் தொடாதன்னு நீதான ஆர்டர் போட்ட. சொன்னா வள்ளுனு உயுவ.” அக்கா ஊற்றுவதை நிறுத்தவில்லை. “சாவிய வாங்கிக்கின. சரி, அம்மா வந்து ஊத்துவாங்கன்னு இருந்தேன். நேத்து நீ செடித் தொட்டில குழி தோண்டசொல்ல பாத்தேன், அப்பதான் தெரிஞ்சுது, ஆரும் ஊத்தலன்னு.”

சொம்பை வாங்கி நான் ஊற்றினேன். கை வலிக்க அக்கா வாங்கிக்கொண்டார். இப்படி மாற்றி மாற்றி, கரண்ட் வரும்வரை.

மோட்டார் ஓட ஆரம்பித்ததும் சாவியை எடுத்து நீட்டினேன். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அக்கா உடனே வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“இன்னா கலா, உங்கம்மா ஊருக்குப் பூட்டாங்களா?”

நான் அழுதுவிட்டேன். அக்கா சாவியை வாங்கித் தாலிச் சங்கிலிப் பின்னூசியில் கோத்துக்கொண்டு, “நாளிக்கு தண்ணி வரும். டிரம்ம கழுவி வை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பாய் போன் பண்ணினார். ஒன்றுவிடாமல் சொன்னேன், கள்ளச் சாவி உட்பட. “ஒண்ணு போச்சா...” என்றார். அப்புறம், “ஊத்துனாங்களே, அந்தம்மாவுக்கு என் சலாம் சொல்லு தங்கச்சி. அமானிதத்தப் பாத்துக்கினது அவுங்கதான்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேற்று கொளத்தூர் போய்ப் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும், புது டைமர் இரண்டும் வாங்கி வந்தோம். உள்ளே பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் நேரம் தப்பாது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். தினமும் மாலை வந்து சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கத்தான் போகிறேன். சத்தியத்தையெல்லாம் நம்புகிற ஆளா நான்?

ஆனால் சந்தேகம் இனிமேல் டைமர் மேல் மட்டும்தான்... எதிர்வீட்டில் இருக்கும் எங்கள் சாவிக்குச் சீல் கிடையாது.