மூன்று மணி டீ

லிசியை எங்கள் ஷெட்டில் கிரேன் லிசி என்பார்கள். திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய ஆலைகளுக்கு இரும்புச் சட்டம் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பொன்மலைப்பட்டிக்காரியான லிசி, நாலு வருஷம் தரையில் இரும்புத்தூள் கூட்டியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, கூரைக்குக் கீழே ஓடும் கிரேனில் ஏறி உட்கார்ந்தாள். ஐந்து டன் சட்டத்தைப் பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்குவாள். கீழே கிரைண்டிங் செய்யும் எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். என்னைப் பானு அக்கா என்பாள்.

போன பிப்ரவரியில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். லிசிக்கு ஹீமோகுளோபின் எட்டரை. பத்துக்குக் கீழே இருந்தால் உயரத்தில் ஏறக் கூடாது என்பது கம்பெனி விதி. டாக்டரம்மா மேல் எனக்குக் கோபமில்லை. தலை சுற்றி லிசியின் கை தவறினால் கீழே நிற்பது நான்தானே. ஆனால் சூப்பர்வைசர் ரெஜிஸ் அன்றைக்கே அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். அதிலும் தேறாவிட்டால் கிரேன் நிரந்தரமாக வேறொருவருக்குப் போய்விடும்.

லிசிக்கு ஒன்றும் புரியவில்லை. கேம்புக்கு முன்பிருந்தே மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிறேனே என்று கேம்பிலேயே டாக்டரம்மாவிடம் சொன்னாள். எதோடு விழுங்குகிறாய் என்று கேட்டார் அவர். டீயோடுதான் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். டீ அந்தச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம். சாப்பாட்டோடு குடித்தாலும் அதே கதைதானாம். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னார்.

யாருக்குத் தெரியும் இதெல்லாம்? நாங்கள் எல்லோருமே அப்படித்தான். தண்ணீர்க் குழாய் இருப்பது ஷெட்டின் அந்தக் கோடியில். டீ கேனோ பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணியோடு வேனில் பக்கத்திலேயே வந்து இறங்கும். ஒரு வாய் சோறு, ஒரு வாய் டீ, மாத்திரை இருந்தால் அதுவும் அதோடு உள்ளே போகும்.

டீயை விட்டுத் தொலை என்றார் ரெஜிஸ்.

"டீய விடமாட்டேன் சார். டீ வர்ற நேரத்த மாத்துங்க. மூணு மணிக்கு வரட்டும்."

ஒருத்திக்காக வேன் நேரத்தை மாற்றுவார்களா என்று அவர் சிரித்தார். ஒருத்தி இல்லை என்று காட்ட, கேம்ப் முடிவதற்குள் மற்ற பத்துப் பெண்களையும் லிசி இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்கவைத்தாள். பதினொரு பேரில் எட்டுப் பேருக்குக் குறைவு. எனக்கு ஒன்பது.

அதற்குக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? மறுவாரம் போர்டில் நோட்டீஸ் ஒட்டியது. உடல்நலம் கருதிப் பெண்களுக்கு டீ நிறுத்தமாம். ஆண்கள் பக்கம் மட்டும் கேன் ஆவி பறக்கப் போனது. எங்கள் நலத்தில் இவ்வளவு அக்கறை இருந்தால் எங்கள் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கலாமே.

அன்று மூன்று மணிக்கு லிசி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வாங்கக்கா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றாள். பதினொரு பேரும் கேட்டைத் தாண்டி ஹனீஃபா பாய் கடையில் நின்று ஊதி ஊதிக் குடித்தோம். திரும்பி வந்தபோது சம்பளத்தில் கை வைப்பேன் என்று ரெஜிஸ் கத்தினார். வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் போவோம் என்றாள் லிசி. போனோம். நாங்கள் தேய்த்துக் கொடுத்தால்தான் அடுத்தவர் வெல்டிங் வைக்க முடியும். தினமும் அரை மணி ஷெட்டே கை கட்டி நின்றது. ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு டீ கேன் வந்தது, எங்களுக்கும் சேர்த்து.

அதற்குப் பிறகு லிசி மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரில் விழுங்கினாள். சோற்றோடு முருங்கைக்கீரை. டீக்கு மட்டும் குறை வைக்கவில்லை.

மே மாதம் டெஸ்ட். அவள் அறையைவிட்டு வெளியே வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. பதினொன்று புள்ளி இரண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரெஜிஸ் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, டீயை நிறுத்தச் சொன்னேன், ஏறிவிட்டது பார்த்தாயா என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

லிசி கையை நீட்டினாள்.

"குடிச்சிட்டுத்தான் சார் டெஸ்டுக்கே வந்தேன். இன்னைக்கு இது ரெண்டாவது டீ. கிரேன் சாவியக் குடுங்க."

சாவி வந்து விழும்வரை அந்தக் கையை அவள் இறக்கவேயில்லை.